வேலூர் ஐடா ஸ்கடர் அம்மையார்

க. பொ. த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவரும் காலத்தில், உக்குவளையிலே உயிரியற் பிரிவிற் பயின்ற பிள்ளையுள்ள வீடுகளில் ஒரே வழக்கு நடைபெறுதலைக் காணலாம். வைத்தியபீடத்துக்கு வேண்டிய புள்ளி கிட்டவில்லை, சிறிதே குறைவு. மறுமுறை எழுதினால் கிட்டவுங்கூடும். கண்டியிலுள்ள தாதியர் பயிற்சிக் கல்லூரிக்கோ இப்பொழுதே விண்ணப்பிக்கலாம். பயிலுங்காலத்திலேயே கொடுப்பனவும் உண்டு. தந்தையார் ஒன்று சொல்வார். தாயார் வேறொன்று சொல்வார். பிள்ளையின் கருத்தை இறுதியிலேயே கேட்பர். பழைய மாணவர் பலர் இவ்வழக்கிலே தீர்ப்புக் கூறும்படி அழைக்கப்பட்டிருப்பர். அவர்களுள் யானும் ஒருவன். ஆதலின் விழா மலருக்கு ஒரு பெரியாரின் வரலாறு எழுதித் தருக எனக் கேட்கப்பட்டபோது, இவ்வழக்கைத் தம் வாழ்நாள் முழுதும் கையாண்ட ஒருவரின் வரலாற்றையே எழுதத் துணிந்தேன். அவர் வேலூர்க் கிறித்தவ வைத்தியக் கல்லூரியை நிறுவிய டாக்டர் ஐடா சோபியா ஸ்கடர் அம்மையார்.

இந்துக் கல்லூரி மலரிலே கிறித்தவ ஊழியர் ஒருவரின் வரலாறு எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. அம்மையாரின் பாட்டனாராகிய டாக்டர் ஜோன் ஸ்கடர் 1819ஆம் ஆண்டில் பொஸ்டனிலிருந்து கப்பலேறி யாழ்ப்பாணம் வந்து, பண்டத்தரிப்பிலே மருந்து கொடுத்தும் மதம் போதித்தும் வாழ்ந்தவர். அத்தகையோரின் போதனைக்கு எதிராகவே ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப் பாடசாலை தொடங்கினார். இலங்கையில் இந்துக் கல்லூரிகள் தோன்றிய வரலாறு அங்கிருந்தே வளருவது. எனினும் ஸ்கடர் குடும்பத்தாரின் மருந்து எவ்வாறு இருந்தது என்பதை நாம் மதத்தைக் கொண்டு அளத்தல் பொருந்தாது. மேலும், இவ்வரலாற்றின் நடுவிலே வரும் மூன்று சாவுகளுக்கு நம்மவரின் வழக்கங்களும் காரணமாயிருந்தன. அதனை மறைத்து எழுதுதல் இயலாது.

பாட்டனார் 1836இல் யாழ்ப்பாணத்தினின்றும் சென்னைக்குப் பெயர்ந்தார். அவருடைய புதல்வர் எழுவர் இந்தியாவிலே ஊழியஞ் செய்தனர். அவர்களுள் தந்தையின் பெயரையே உடைய இளைய ஜோன் ஸ்கடரும் வைத்தியர். அவருக்கும் சோபியா அம்மையாருக்கும் ஒரே புதல்வியாக, ஐந்து சகோதரருக்கு இளையவராக, 1870 டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையிலே ஐடா பிறந்தார். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது அவர் ஏழு வயதுச் சிறுமி. பசித்த பிள்ளைகளின் வாயிலே ரொட்டித் துண்டுகளை ஊட்டும் வேலை அவருக்கும் வந்தது. அக்காட்சி அவருக்கு இந்தியா மீது அன்பை உண்டாக்கவில்லை. இந்நாட்டை விட்டு அகலவேண்டும் என்னும் எண்ணத்தையே உண்டாக்கிற்று. அதன்பின் குடும்பத்தார் அமெரிக்கா சென்று நெப்ராஸ்காவிலே பண்ணை வைத்து வாழ்ந்தனர். பெற்றோர் மீண்டும் இந்தியாவுக்குத் திரும்பியபோது மகளை உறவினரிடம் விட்டுச் சென்றனர். அப்பிரிவினாற் சிறுமியின் உள்ளம் புண்பட்டது. மசசூசெற்ஸ் மாகாணத்திலே நோர்த்பீல்ட் பெண்கள் பள்ளியிற் கற்கும்போது, குடும்பத் தொழிலாகிய ஊழியத்துக்குத் தாம் ஒருபோதும் போவதில்லை என அவர் தோழியரிடம் உறுதியாகக் கூறிவந்தார்.

1890இல் தாயார் நோயுற்றார் என்னும் செய்தி வந்தது. தாயாரைப் பேணிவிட்டுத் திரும்பிவிடலாம் என்னும் எண்ணத்துடன் ஐடா திண்டிவனத்துக்கு வந்தார். தாயாரின் படுக்கையருகே இருத்தல், தந்தையாரின் இல்லத்தைக் கவனித்தல், பெண் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லுதல் ஆகியன அவர் செய்தவை. அவர் செய்தது பெயரில்லாத தாதி வேலையே. நம் வீடுகளிலே எத்தனையோ பெண்கள் நாடோறும் செய்துவரும் வேலையும் அதுவே.

திண்டிவனத்திலே ஓர் இரவு அவர் படித்துக்கொண்டிருந்தபோது ஓர் அந்தணர் வந்தார். அவருடைய இளம் மனைவி மகவு ஈன முடியாது வருந்திக்கொண்டிருந்தாள். உடனே வந்து உதவவேண்டும் எனக் கேட்டார். தமக்கு வைத்தியம் தெரியாது எனவும், தந்தையாரை அழைத்து வருவதாகவும் ஐடா கூறினார். அந்நிய ஆடவர் தம் மனைவியைக் காணுதல் தம் குல வழக்கத்துக்கு ஒவ்வாது என மறுத்து அவர் சென்றுவிட்டார். சற்று நேரத்தில் ஒரு முஸ்லிம் வந்தார். அதே துன்பம், அதே வேண்டுகோள், அதே மறுப்பு. பின்னர் மூன்றாமவராக மற்றோர் உயர்குல இந்து வந்தார். அவரும் அவ்வாறே மீண்டார். விடியற்காலையிற் சாப்பறை ஒலி கேட்டது. பணியாளை அனுப்பி விசாரித்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் எனத் தெரியவந்தது. அன்று காலையிலேயே, அமெரிக்கா சென்று வைத்தியங் கற்று மீளப்போவதாக அவர் பெற்றோரிடம் அறிவித்தார்.

இந்நிகழ்ச்சியைப் பலரும் கேட்டிருப்பர். கூறுவோர் பெரும்பாலும் அதன் சோகத்தோடு நின்றுவிடுவர். யான் ஈண்டுச் சிந்திக்க விழைவது வேறொன்று. அவர் ஏன் தாதித் தொழில் கற்கப் புறப்படவில்லை? அதுவோ குறைந்த காலத்திற் கற்கத்தக்கது. பெண்ணுக்கு உரியது என அக்காலத்தார் ஒப்புக்கொண்டது. நோயாளரான தாயாரைப் பேணியமையால் அவருக்குப் பழக்கமானதுங்கூட. ஆனால் அன்றிரவு வந்த மூன்று கணவரும் வேண்டியது அதுவன்று. பிள்ளை குறுக்கே கிடந்தால் உள்ளே கையிட்டுத் திருப்புவதா, ஆயுதங்கொண்டு எடுப்பதா, வயிற்றைக் கீறுவதா என்று கணப்பொழுதில் முடிவு செய்து, அம்முடிவுக்குத் தாமே பொறுப்பேற்கும் ஒருவர் அங்கே வேண்டியிருந்தது. அத்தகையவர் ஒருவர் அவ்வில்லத்திலேயே இருந்தார். ஆனால் அவர் ஆண். ஆகவே அவ்வூரிற் குறைவாயிருந்தது வைத்தியம் அன்று; பெண் வைத்தியர். எந்த இடம் வெறிதாயிருந்ததோ அந்த இடத்தையே ஐடா தேர்ந்தார். தொழில்களுள் எது உயர்ந்தது என்னும் ஆராய்ச்சி அங்கே எழவில்லை.

அக்காலத்தில் இத்தேர்வு மேனாட்டிலும் ஒரு பெரும் வழக்காக இருந்தது. 1849இல் அமெரிக்காவிலே வைத்தியப் பட்டம் பெற்ற எலிசபெத் பிளாக்வெல்லும், இங்கிலாந்தின் புளோரன்ஸ் நைற்றிங்கேலும் நண்பர். ஆயினும் பெண்ணுக்கு உரிய இடம் யாது என்பதில் இருவரும் கருத்து வேறுபட்டனர். நைற்றிங்கேல் 1860இல் இலண்டன் புனித தோமஸ் வைத்தியசாலையிலே தாதியர் பள்ளியை நிறுவினார். அவ்வாண்டிலேயே எலிசபெத் காரெற் என்னும் இளம்பெண் அந்நகரின் மிடில்செக்ஸ் வைத்தியசாலையிலே தாதியாகச் சேர்ந்தார். அவர் விரும்பியது வைத்தியம். அதன் கதவு பெண்களுக்கு அடைத்திருந்தமையால், தாதி வேலையை உள்ளே நுழையும் வழியாகக் கொண்டார். அங்கே மாணவராக ஏற்க மறுக்கப்பட்டும் தளராது, 1865இல் மருந்தாளர் சங்கத்தின் உத்தரவுப்பத்திரம் பெற்று வைத்தியரானார். பெற்ற பின்னர் அச்சங்கம் தன் விதியை மாற்றி மற்றப் பெண்கள் நுழையாதபடி செய்தமை வேறு கதை. நம் நாட்டில் 1870இல் தொடங்கிய கொழும்பு வைத்தியக் கல்லூரி பெண்களை ஏற்றது 1892இல். ஐடா முடிவு செய்த காலமும் ஏறக்குறைய அதுவே.

ஐடா முதலிற் சேர்ந்தது பிலடெல்பியா நகரிலிருந்த பெண்கள் வைத்தியக் கல்லூரி. அங்கே அவருக்கு முன்னரே ஓர் இந்துப் பெண் பட்டம் பெற்றிருந்தார் என்பதை நம் மாணவர் அறிதல் நன்று. மராட்டிய நாட்டு ஆனந்திபாய் ஜோஷி பதினான்கு வயதிற் பெற்ற மகவு பத்து நாளில் இறந்ததைக் கண்டு, வைத்தியங் கற்க உறுதி பூண்டு, கடல் கடந்து சென்று, 1886இற் பட்டம் பெற்றவர். திரும்பி வந்து தொழில் நடத்தக் காலம் அவருக்கு இடங்கொடுக்கவில்லை. 1887இல், இருபத்திரண்டு வயது நிறையுமுன் காசநோயால் இறந்தார். ஆனந்திபாயைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதவேண்டும். ஐடா பின்னர் நியூயோர்க்கிலே கோர்னெல் வைத்தியக் கல்லூரிக்கு மாறினார். அக்கல்லூரியிற் பெண்களைச் சேர்த்துக்கொண்ட முதல் வகுப்பில் ஒருவராக 1899இல் வெளியேறினார். வங்கியாளர் ஒருவர் தம் மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாக வழங்கிய 10,000 டொலருடன் 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலூர் வந்து சேர்ந்தார்.

தந்தையாரிடம் சில ஆண்டுகள் பழகித் தொழில் தேறலாம் என அவர் எண்ணியிருந்தார். தந்தையாரோ அவ்வாண்டிலேயே இறந்துவிட்டார். முப்பது வயது நிறையாத ஒரு பெண், தனியே, ஊரார் நம்பாத நிலையில், தம் இல்லத்தின் சிற்றறை ஒன்றிலே மருந்து கொடுக்கத் தொடங்கினார். நாளடைவிற் கூட்டம் பெருகிற்று. முதல் ஈராண்டில் 5000 நோயாளரை அவர் பார்த்தார் என்பர். 1902இல் 40 கட்டில்களையுடைய மேரி டேபர் ஷெல் வைத்தியசாலை திறக்கப்பட்டது.

தாதியைப் பற்றிய பாடத்தை அவர் கற்றது இக்காலத்திலேயே. பெரிய சத்திரசிகிச்சையை முதன்முதல் அவர் செய்தபோது அருகே நின்று உதவியவர் வீட்டுப் பணியாளர் ஒருவரின் மனைவியாகிய சலோமி. பயிற்சி பெற்ற தாதி ஒருவரும் இலர். கூரிய கத்தியும் கோர்னெல் பட்டமும் இருந்தன. ஆயுதத்தைக் கொதிக்கவைத்து எடுத்துத் தரும் கை, நாடியைப் பிடித்துக்கொண்டு முகத்தைப் பார்க்கும் கண் ஆகியவற்றை ஒன்றுமறியாத ஒரு பெண்ணுக்கு அந்த அறையிலேயே கற்பிக்க வேண்டியதாயிற்று. சத்திரசிகிச்சை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்; எஞ்சிய இருபத்து மூன்று மணி நேரமும் நோயாளி கட்டிலிலேயே கிடக்கிறாள். காய்ச்சல் ஏறுகிறதா, இரத்தம் கசிகிறதா, குழந்தை பால் குடிக்கிறதா என்பவற்றைப் பார்க்க யாருமில்லையாயின் கத்தியின் திறமை வீணே. நாற்பது கட்டில்களை ஒரு வைத்தியர் இரவும் பகலும் காத்தல் இயலுமோ?

ஆகவே 1909இல் அவர் தாதியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். வைத்தியப் பள்ளி தொடங்கியது 1918இல். இவ்விரண்டு ஆண்டுகளையும் இளைஞர் மனத்திற் பதித்தல் வேண்டும். வேலூரின் பெரும்புகழ் அதன் வைத்தியர்களையே சுட்டி வழங்குவதால், அங்கே தாதியர் பள்ளி ஒன்பது ஆண்டு மூத்தது என்பதை நம்மவர் பெரும்பாலும் அறியார். அந்நாளிற் குடும்பப் பெண்ணைத் தாதியாக அனுப்பப் பெற்றோர் இசைதல் எளிதன்று. அந்நியரின் உடலைத் தொடுதல், மலசலம் எடுத்தல், சாதி பாராது கழுவித் துடைத்தல், இரவில் வெளியே தங்குதல் ஆகிய ஒவ்வொன்றும் குலத்துக்கு இழுக்கு எனப்பட்டது. தொடக்கத்தில் அவ்வேலைக்கு முன்வந்தோருட் கிறித்தவப் பெண்களே மிகுதி. யாழ்ப்பாணத்து இணுவிலிலே 1898இல் எழுந்த மக்லியொட் பெண்கள் வைத்தியசாலையும் இத்தடையையே கடந்து தமிழ்ப் பெண்களைத் தாதியராக்கியது. நம் இல்லங்களில் இன்று தாதித் தொழிலைச் சற்றுத் தாழ்வாகப் பேசும் வழக்கம் வைத்தியத்தோடு ஒப்பிட்டதால் வந்ததன்று. அது அப்பழைய தீட்டின் எச்சமே என்பது என் கருத்து.

1918இல் பெண்களுக்கென வைத்தியப் பள்ளி தொடங்க உத்தரவு வேண்டியபோது, சென்னை மாகாண வைத்தியத் தலைவர் நகைத்தாராம். மூவர் கூட விண்ணப்பியார் என்பது அவர் கருத்து; அறுவர் கிடைத்தால் தொடங்கலாம் என்றார். இடத்தினும் பன்மடங்கு விண்ணப்பங்கள் வந்தன. ஆகஸ்ட் மாதத்தில் ஆளுநர் பென்ற்லண்ட் பிரபு பள்ளியைத் திறந்துவைத்தார். கட்டடமில்லை, நூல்கள் சில, ஒரு நுணுக்குக்காட்டி, ஒரு எலும்புக்கூடு, ஆசிரியர் பெரும்பாலும் ஐடா ஒருவரே. மாகாணப் பரீட்சையில் ஆடவரே ஐவருள் ஒருவர்தாம் தேறுவர், ஆதலின் ஏமாறவேண்டாம் எனவும் அத்தலைவர் முன்கூட்டியே ஆறுதல் கூறினார். 1922இல் முதல் வகுப்பிலே வெளியேறிய 14 பெண்களும் தேறிவிட்டனர்.

இங்கு ஒன்றைக் கவனிக்க. தாதியர் பள்ளியிலே சிறந்த மாணவியரைத் தேர்ந்து வைத்தியப் பள்ளிக்கு உயர்த்துவது என்னும் ஏற்பாட்டை அவர் செய்யவில்லை. இரண்டும் தனித்தனி வாயில்கள், தனித்தனி ஆசிரியர், தனித்தனிப் பாடம். வைத்திய மாணவியரும் தாதியரும் சேர்ந்து செல்லும் இடம் ஒன்று உண்டு. அது வீதியோர வைத்தியம். குடியாத்தம் செல்லும் வழியிலே, வாரந்தோறும் குறித்த நாளில், குறித்த மரத்தடியில் வண்டியை நிறுத்தி, காத்திருப்போருக்கு மருந்து கொடுப்பர். முதலில் மாட்டு வண்டி. 1909இன் பின் மோட்டார் வண்டி. அதைக் கண்டு மக்கள் அஞ்சி ஓடினர் எனவும் கூறுவர். ஒருவர் நோயை நிதானிப்பார். மற்றவர் புண்ணைக் கழுவிக் கட்டுவார். புண்ணைக் கட்டியவரையே நோயாளி மறுவாரம் பெயர் சொல்லித் தேடுவதும் உண்டு.

அம்மையாரின் முதுமையில் ஒரு புதிய இடர் நேர்ந்தது. வேலூர்ப் பள்ளி வழங்கியது எல். எம். பி. என்னும் சான்றிதழ். 1938இல் சென்னை அரசு அச்சான்றிதழை ஒழித்து, வைத்தியராவோர் பல்கலைக்கழகப் பட்டமே பெறவேண்டும் என முடிவு செய்தது. பட்டத்துக்கு வேண்டிய பேராசிரியரும் ஆய்வுகூடமும் கட்டில்களும் வேலூரில் இல்லை. எழுபது வயது எய்திய அவர் போர்க்காலத்தில் அமெரிக்கா சென்று ஊரூராகப் பொருள் இரந்தார். ஆண்களையும் சேர்த்தால் உதவி பெருகும் என ஒரு சாரார் வற்புறுத்தினர். பெண்களுக்கெனத் தந்த பணத்தை ஆண்களுக்குச் செலவிடுவதோ எனப் பழைய நண்பர் சிலர் சினந்தனர். பெண்களுக்காகவே வாழ்ந்த அவருக்கு இம்முடிவு எளிதாயிராது. கல்லூரி அழிதலினும் அதன் கதவு அகலுதல் மேல் எனக் கொண்டார். 1942இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம். பி. பி. எஸ். வகுப்பு தொடங்கிற்று. 1947இல் ஆண் மாணவரும் சேர்ந்தனர்.

அவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையே, 1946இல், வேலூரிலே தாதியருக்கான நான்காண்டுப் பட்டப்படிப்பும் தொடங்கப்பட்டது. இந்தியாவில் தாதியருக்குப் பல்கலைக்கழகப் பட்டம் கிடைத்தது அவ்வாண்டிலேதான். தில்லியிலும் வேலூரிலும் ஒருங்கே. வைத்தியருக்குப் பட்டம் வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்திற்று; தாதியருக்குப் பட்டம் வேண்டும் என்று ஒருவரும் கட்டாயப்படுத்தவில்லை. வேலூரார் தாமே வேண்டிப் பெற்றனர்.

உக்குவளை வீடுகளில் நடக்கும் வழக்குக்கு மீள்வோம். இன்று பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962 முதல் வைத்தியபீடம் இருக்கிறது; தாதியருக்குப் பட்டப்படிப்பும் அங்கேயே உண்டு. மாத்தளைப் புகையிரதத்திலே ஏறும் பிள்ளை இரண்டையும் ஒரே திசையிற் காண்கிறது. என்னிடம் கேட்போருக்கு யான் திருப்பிக் கேட்பது ஒன்றே: நோயாளியின் அருகே நிற்கும்போது நீ எந்த வேலையைச் செய்யக் காண்கிறாய்? நோயின் பெயரைக் கண்டுபிடித்து மருந்தை முடிவு செய்து, பிழைத்தால் அப்பழியைச் சுமப்பதையோ? அல்லது அம்மருந்து வேலை செய்கிறதா என்று இரவெல்லாம் உடனிருந்து காண்பதையோ? முதலாவதைக் காணும் பெண்பிள்ளையை, செலவு குறைவு, விரைவிற் சம்பளம், பெண்ணுக்கு இது போதும் என்று கூறித் தாதியாக்குதல் அநீதி. அவள் மறுமுறை பரீட்சை எழுதட்டும். இரண்டாவதைக் காணும் பிள்ளையை, ஆணாயினும் பெண்ணாயினும், ஊரார் மெச்சுதற்காக மூன்றுமுறை பரீட்சை எழுதவைத்து வாட்டுதலும் அநீதியே. புள்ளி குறைந்தமையால் தாதியானேன் என்று எண்ணிக்கொண்டு வார்டிலே நடமாடும் ஒருவர் நல்ல தாதியாதல் அரிது. இதனைக் கூறும்போது பெற்றோர் முகம் கோணுவதுண்டு. குடும்பத்தின் பொருள் நிலையை யான் அறியேன் என்பர். பொருள் நிலை மெய்யான தடையே. அதனை அதன் பெயராலேயே பிள்ளைக்குச் சொல்லிவிட வேண்டும். தொழிலின் தகுதி என்று மாற்றிப் பெயரிட்டுச் சொல்லலாகாது.

ஐடா அம்மையார் 1946இல் பொறுப்பினின்றும் ஓய்வு பெற்றுக் கோடைக்கானலிலே தம் இல்லத்திற் பெரும்பாலும் தங்கினார். அவர் திருமணஞ் செய்யவில்லை. முதுமையிலும் வரிப்பந்து ஆடுவார். இளைஞரைத் தோற்கடிப்பதில் அவருக்குச் சிறுபிள்ளை மகிழ்ச்சி. ஊரின் பெயர்கூட இல்லாது, டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் எழுதிய கடிதமொன்று அவரிடம் வந்து சேர்ந்ததாகக் கூறுவர். 1960 மே மாதத்தில், எண்பத்தொன்பதாம் வயதிற் கோடைக்கானலிலே காலமானார். உடலை வேலூருக்குக் கொண்டுவந்து அடக்கஞ் செய்தனர். சாதி மதம் பாராது வீதியெங்கும் மக்கள் திரண்டு நின்றனர்.